சுவரும் சுகாதாரமும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)





ஆண்டுதோறும் இம்மேடையில் கம்பனையும் இளங்கோவையும் பற்றிப் புலவர் பெருமக்கள் பேசக் கேட்டு மகிழ்ந்தவர்கள் நீங்கள். யானோ பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு, இருபத்தைந்து ஆண்டுகளாக இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் ஒரு குமாஸ்தா. ஆகவே என்னிடம் இலக்கியச் சுவையை எதிர்பார்க்க வேண்டா. செயலாளர் அவர்கள், "உமக்குத் தெரிந்த பொருளைப் பற்றிப் பேசும்" என்று கேட்டுக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்த பொருள் ஒன்று உண்டு. அது சுவரொட்டி.

என் மேசையின் பொறுப்புகளில் அதுவும் ஒன்று. சில மாதங்களுக்கு ஒருமுறை சுகாதாரத் துறையிலிருந்து ஒரு கட்டு சுவரொட்டிகள் வரும். அவற்றை எண்ணிப் பதிவேட்டில் ஏற்றி, கடைநிலை ஊழியரிடம் பசை வாளியைக் கொடுத்து ஒட்டச் செய்து, "ஒட்டப்பட்டது" என்று மேலிடத்துக்கு எழுத வேண்டும். ஆள் வராத நாட்களில் நானே ஒட்டியதும் உண்டு. ஒட்டியதோடு என் கடமை முடிந்தது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை என் வீட்டிலேயே நடந்த ஒரு நிகழ்ச்சியால் உணர்ந்தேன். அதைப் பிற்பகுதியில் சொல்கிறேன். அந்நிகழ்ச்சிக்குப் பின்னர்தான், மக்களுக்கு நோயைப் பற்றி எடுத்துச் சொல்ல அச்சுத்தாளும் படமும் எப்படியெல்லாம் பயன்பட்டு வந்திருக்கின்றன என்பதைத் தேடிப் படிக்கலானேன். படித்ததில் சிலவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் இலண்டன் மாநகருக்குச் செல்வோம். 1665 ஆம் ஆண்டு அங்கே பிளேக் என்னும் கொள்ளை நோய் தாண்டவமாடியது. நோய் புகுந்த வீட்டின் கதவில் சிவப்புச் சிலுவைக் குறி இட்டு, உள்ளிருப்போரை வெளியே வரவிடாமல் பூட்டிவைத்தார்கள். வாரந்தோறும் எந்த வட்டாரத்தில் எத்தனை பேர் இறந்தனர், எந்த நோயால் இறந்தனர் என்பதை ஒரு தாளில் அச்சிட்டு விற்றார்கள். அக்கணக்கின்படி அவ்வாண்டில் பிளேக்கினால் மாண்டவர் தொகை 68,596. உண்மையில் அதற்கும் மேல் இருக்கலாம் என்று அறிஞர் கருதுகின்றனர். மக்கள் அத்தாளை வாங்கிப் பார்த்து, நோய் தங்கள் தெருவுக்கு எவ்வளவு அருகில் வந்துவிட்டது என்று அறிந்துகொண்டார்கள். வசதி படைத்தோர் ஊரை விட்டு ஓடினார்கள். ஏழைகளுக்கு ஓட இடமில்லை.

அந்நாளில் நகர ஆட்சியினர் தெருக்களில் தீ மூட்டச் சொன்னார்கள். காற்று தூய்மை அடையும் என்பது அவர்கள் நம்பிக்கை. நாய்களையும் பூனைகளையும் கொல்லச் சொன்னார்கள். பிளேக் நோய் எலியின் உடலில் வாழும் தெள்ளுப் பூச்சியின் மூலம் பரவுவது என்பது இன்று நமக்குத் தெரியும். எலியைப் பிடிக்கும் பூனையையே கொன்றொழித்த அறியாமையை என்னென்பது! அதற்காக அவர்களை நகைக்கவும் நமக்கு உரிமை இல்லை. அவர்கள் காலத்து அறிவு அவ்வளவுதான். நோயின் கிருமியை யெர்சின் என்பவர் ஹாங்காங்கில் கண்டறிந்தது 1894 இல்தான். அச்சுத்தாள் உண்மையைப் பரப்பும் வேகத்திலேயே பொய்யையும் பரப்பும் என்பது இந்நிகழ்ச்சி கற்பிக்கும் முதற் பாடம்.

இரண்டாவது பாடத்தை அறிய 1802 ஆம் ஆண்டு ஜூன் மாதத்துக்கு வருவோம். பெரியம்மை என்ற பெயரைக் கேட்டாலே குலை நடுங்கிய காலம் அது. எட்வர்டு ஜென்னர் என்னும் ஆங்கில மருத்துவர், பசுவின் மடியில் காணும் அம்மைப் பாலை மனிதர் கையில் குத்தினால் பெரியம்மை அணுகாது என்பதை 1798 இல் நூலாக எழுதி வெளியிட்டிருந்தார். அதை எதிர்த்தவர்கள் பலர். ஜேம்ஸ் கில்ரே என்னும் கேலிச் சித்திரக்காரர் 1802 ஜூன் 12 ஆம் நாள் ஒரு படத்தை அச்சிட்டு வெளியிட்டார். அப்படத்தில் மருத்துவர் ஒரு பெண்ணின் கையில் அம்மை குத்துகிறார். சுற்றிலும் ஏற்கெனவே குத்திக்கொண்டவர்கள் நிற்கிறார்கள். ஒருவர் நெற்றியில் கொம்பு முளைத்திருக்கிறது. மற்றவர்கள் உடலிலிருந்து சின்னஞ்சிறு பசுக்கள் துள்ளி வெளிவருகின்றன! பார்த்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்கள். சிரித்தவர்களுள் எத்தனை பேர் வீட்டுக்குப் போய், "அம்மை குத்திக்கொள்ள வேண்டா" என்று பிள்ளைகளைத் தடுத்தார்களோ, யார் அறிவார்?

இதில் ஒரு வியப்பு உண்டு. அந்தப் படம் இலண்டனில் வெளிவந்த இரண்டாம் நாள், அதாவது ஜூன் 14 ஆம் நாள், நம் பாரத நாட்டில் முதன்முதலாக ஒரு குழந்தைக்கு அம்மை குத்தப்பட்டது. பம்பாயில் வாழ்ந்த அன்னா டஸ்ட்ஹால் என்னும் மூன்று வயதுச் சிறுமியே அக்குழந்தை. குளிர்பெட்டி இல்லாத காலம். அம்மைப் பால் பாக்தாதிலிருந்து பாஸ்ரா வழியாக, ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றி மாற்றிக் கொண்டுவரப்பட்டது. அச்சிறுமியின் கையிலிருந்து எடுத்த பால்தான் பிற ஊர்களுக்கும் சென்று, நம் சென்னைக்கும் வந்து சேர்ந்தது. அங்கே ஒரு படம் மக்களை விலக்க, இங்கே ஒரு குழந்தையின் கை மக்களைக் காத்தது.

படம் விலக்கத்தான் செய்யும் என்று எண்ணிவிடலாகாது. அழைக்கவும் செய்யும். 1805 இல் தாமஸ் ஹிக்கி என்னும் ஓவியர் மைசூர் அரச குடும்பத்துப் பெண்மணிகள் மூவரை வரைந்தார். அவர்களுள் ஒரு பெண்மணி சேலைத் தலைப்பைச் சற்றே விலக்கித் தம் மேற்கையைக் காட்டுகிறார். அந்தக் கையில் அம்மை குத்தப்பட்டதை உணர்த்தவே அவ்வோவியம் எழுதப்பட்டது என்று வரலாற்று ஆய்வாளர் நைஜல் சான்சலர் கருதுகிறார். அரசியே குத்திக்கொண்டார் என்றால் குடிமக்களின் அச்சம் நீங்கும் அல்லவா? ஆயிரம் சொற்களால் ஆகாததை நம்பிக்கைக்கு உரிய ஒருவரின் கை ஆக்கும். இது இரண்டாம் பாடம்.

பின்னர் கல்லச்சு முறை வந்தது; பாரிசு நகரத்தில் ஜூல் ஷெரே போன்றோர் 1860-களுக்குப் பின் பல வண்ணத்தில் பெரிய சுவரொட்டிகளை அச்சிட்டார்கள். நாடகத்துக்கும் மதுவுக்கும் சோப்புக்கும் விளம்பரம் செய்த அந்தக் கலையைச் சுகாதாரத் துறையினரும் கைக்கொண்டார்கள். அவ்வரலாறு நீண்டது. நம்முள் பெரும்பாலோர் இரயில்வேக் குடும்பத்தினர் ஆதலால், இரயிலோடு தொடர்புடைய ஒரு செய்தியை மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்க நாட்டில் கான்சாஸ் மாநிலத்தில் சாமுவேல் கிரம்பைன் என்றொரு மருத்துவர் இருந்தார். மாநிலச் சுகாதாரக் குழுவின் செயலாளர். அக்காலத்து அமெரிக்க இரயில் பெட்டிகளில் குடிநீர்த் தொட்டியும், அதனோடு சங்கிலியால் பிணைத்த ஒரே ஒரு குவளையும் இருக்கும். ஏறுவோர் இறங்குவோர் அனைவரும் அதிலேயே வாய் வைத்துக் குடிப்பார்கள். ஒருநாள் இரயிலில் செல்லும்போது, காசநோயாளர் அக்குவளையில் நீர் பருகியதையும், அடுத்து ஒரு குழந்தை அதே குவளையை வாயில் வைத்துக் குடித்ததையும் கிரம்பைன் கண்டார். கண்டவர் வாளா இருக்கவில்லை. 1909 இல் கான்சாஸ் மாநிலத்து இரயில்களிலும் பள்ளிகளிலும் பொதுக் குவளை தடை செய்யப்பட்டது. ஒரு முறை பயன்படுத்தி எறியும் காகிதக் குவளை பரவியதற்கு அத்தகைய தடைகளே காரணம். நம் நிலையங்களில் தேநீர் குடித்துவிட்டு உடைத்தெறியும் மண் குவளையின் அருமையை எண்ணிப் பாருங்கள்! பெயர் தெரியாத நம் குயவர் அந்த அறிவை என்றோ பெற்றிருந்தார்.

கிரம்பைன் இன்னொன்றும் செய்தார். "நடைபாதையில் துப்பாதீர்" என்ற எழுத்துகளைச் செங்கல்லிலேயே பதிக்கச் செய்தார். அச்செங்கற்களால் நடைபாதைகள் அமைக்கப்பட்டன. துப்பக் குனிகிறவன் கண்ணில் படுமாறு, துப்பும் இடத்திலேயே அறிவுரை! எங்கள் அலுவலகத்தில் "துப்பாதீர்" என்னும் பலகையை ஆள் உயரத்துக்கு மேல் மாட்டியிருக்கிறார்கள். பலகை தூய்மையாக இருக்கிறது. கீழே உள்ள மூலை வெற்றிலைச் சாற்றால் சிவந்திருக்கிறது. சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல வேண்டும் என்பது மூன்றாம் பாடம்.

1918 ஆம் ஆண்டு உலகைச் சூறையாடிய இன்ஃப்ளூயன்சா நம் நாட்டில் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கி, இருப்புப் பாதை வழியாகவே உள்நாடெங்கும் பரவியது. ஒரு கோடிக்கு மேற்பட்ட இந்தியர் மாண்டனர். அதே ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் டிராம் வண்டிகளில், எச்சில் துப்புவது சாவைப் பரப்பும் என்று எச்சரிக்கை எழுதி ஒட்டினார்கள். ஆனால் அதே நகரத்தில் செப்டம்பர் 28 ஆம் நாள் போர்க்கடன் பத்திர விற்பனைக்காக மாபெரும் ஊர்வலம் நடத்த விடுத்தார்கள். ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்கள் தோளோடு தோள் உரசி நின்று பார்த்தார்கள். சில நாட்களில் மருத்துவமனைகள் நிரம்பின; ஆறு வாரத்தில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுவர் ஒன்று சொல்ல, ஆள்வோர் வேறொன்று செய்தால், மக்கள் செயலைத்தான் பின்பற்றுவார்கள்.

இனி விடுதலை பெற்ற நம் நாட்டுக்கு வருவோம். எத்தனை மொழிகள், எத்தனை எழுத்துகள்! எழுதப் படிக்கத் தெரியாதோர் பெரும்பான்மையினராக இருந்த காலம். 1960-களின் பிற்பகுதியில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பணியாற்றிய தீப் தியாகி என்பவர் இந்தச் சிக்கலுக்கு எளிய விடை கண்டார். தலைகீழான ஒரு சிவப்பு முக்கோணம். அருகே தந்தை, தாய், மகன், மகள் என நான்கு முகங்கள். அவ்வளவே. அதைப் படிக்க எழுத்தறிவு வேண்டியதில்லை. குமரி முதல் காசுமீரம் வரை ஊர்ச் சுவர்களிலும் பேருந்துகளிலும் அம்முக்கோணம் இடம்பெற்றது. எனினும் 1975 முதல் 1977 வரையிலான நெருக்கடி நிலைக் காலத்தில், அறிவுரை சொல்ல வேண்டிய இடத்தில் கட்டாயம் புகுந்தது. மக்களைப் பிடித்துச் சென்று அறுவை செய்தார்கள். அதன் பின் அம்முக்கோணத்தைக் கண்டு ஓடியவர்கள் பலர். பல ஆண்டுகள் உழைத்து ஈட்டிய நம்பிக்கை இரண்டே ஆண்டுகளில் கெட்டது.

அதே ஆண்டுகளில் நம் நாட்டில் படத்தின் ஆற்றலுக்குச் சான்றாக ஒரு பெருவெற்றியும் விளைந்தது. அது பெரியம்மை ஒழிப்பு. 1974 ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 1,88,000 பேருக்கு மேல் பெரியம்மை கண்டது. அவர்களுள் பெரும்பாலோர் பீகார் மாநிலத்தினர். அன்றைய பீகாரைச் சேர்ந்த ஜாம்ஷெட்பூரில் வேலை செய்த தொழிலாளர், டாடாநகர் நிலையத்தில் இரயில் ஏறித் தம் ஊர்களுக்குத் திரும்பினார்கள். அவர்களோடு நோயும் இரயில் ஏறியது. அங்கிருந்து நூற்றுக்கணக்கான ஊர்களுக்கு அது பரவிற்று என்று பின்னர் கண்டறிந்தார்கள். ஆகவே அம்மை குத்திக்கொள்ளாமல் எவரும் ஊரை விட்டுப் புறப்படலாகாது என்று கட்டுப்பாடு செய்தார்கள்.

என் தந்தையார் அப்போது இருபத்து நான்கு வயது இளைஞர். டாடாநகரில் இளநிலைக் குமாஸ்தா. அந்நாட்களைப் பற்றி அவர் பலமுறை எங்களிடம் சொன்னதுண்டு. சுகாதாரப் பணியாளர் கையில் ஒரு சிறிய அட்டை இருக்கும். அதில் அம்மைக் கொப்புளங்கள் நிறைந்த ஒரு குழந்தையின் படம். நடைமேடையில் உட்கார்ந்திருக்கும் கூலியாட்களிடமும் மூட்டை சுமப்போரிடமும் அந்த அட்டையைக் காட்டி, "இப்படி யாரையேனும் கண்டதுண்டா?" என்று மட்டும் கேட்பாராம். அம்மை என்பது தேவியின் திருவிளையாடல் என்று நம்புவோர் அவர்களுள் பலர். வடக்கே சீதளா தேவி; நமக்கு மாரியம்மன். அந்தப் பணியாளர் அந்த நம்பிக்கையோடு வாதாடவில்லை, எவரையும் இகழவில்லை. படத்தைக் காட்டினார், கேட்டார், காத்திருந்தார். ஒரு கிழவி நெடுநேரம் அட்டையைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "என் பேரன்" என்று சொல்லி அழுததைத் தாம் நேரில் கண்டதாக என் தந்தையார் கூறுவார். அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் தழுதழுக்கும்.

அந்த அட்டையை ஏந்திக்கொண்டு ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட பணியாளர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். பத்துக் கோடி வீடுகளை நாடிச் சென்றார்கள் என்றால் நம்புவதற்கே அரிதாக இருக்கிறது. நோயாளியைப் பற்றித் தகவல் தருவோருக்குப் பரிசு என்று சுவர்தோறும் எழுதினார்கள். ஐம்பது ரூபாயில் தொடங்கிய பரிசு 1975 இல் ஆயிரம் ரூபாய் ஆயிற்று. நோய் குறையக் குறையப் பரிசு ஏறிற்று! இறுதியாக 1975 மே 24 ஆம் நாள் நோய் கண்டவர், வங்கதேசத்திலிருந்து வந்த சைபான் பீபி என்னும் ஏழைப் பெண். அவர் தங்கியிருந்த இடம் எது தெரியுமா? அசாம் மாநிலத்துக் கரீம்கஞ்ச் இரயில் நிலையம். வீடு வாசல் அற்று நிலையத்தில் பிச்சை எடுத்து வாழ்ந்த அந்த அம்மையாருக்குப் பின் இந்திய மண்ணில் பெரியம்மை எவருக்கும் வரவில்லை. 1980 மே மாதத்தில் உலகமே அந்நோயினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

அன்பர்களே, 1802 இல் ஓர் அச்சுப் படம் அம்மை குத்துவதை எள்ளி நகையாடியது. 1975 இல் மற்றோர் அச்சுப் படம் அம்மையையே உலகை விட்டு விரட்டத் துணை நின்றது. இரண்டும் மையும் தாளும்தாம். வேறுபாடு எங்கே? இரண்டாவது படத்தை ஒரு மனிதர் கையில் ஏந்தி நின்றார். எதிரே இருப்பவரின் விடைக்குக் காத்து நின்றார். என் தந்தையார் கதையாகச் சொன்ன இந்த உண்மை, நான் பெற்ற முதற் பாடமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் யான் அதைக் கதையாகவே கேட்டுவைத்தேன்.

இப்போது என் வீட்டு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

என் தந்தையார் பணியில் இருக்கும்போதே காலமானார். அந்த இடத்துக்கு எனக்கு வேலை கிடைத்தது. அன்னையார் என்னோடு இருந்தார். அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். வேறு மொழி எதுவும் வாராது. இவ்வளவு ஆண்டுகள் இங்கே வாழ்ந்தும், காய்கறிக் கடையில் பேரம் பேசும் அளவுக்கே இந்தி கற்றார். 2012 ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அவருக்கு இருமல் கண்டது. சுக்கும் மிளகும் திப்பிலியும் இடித்துக் கொடுத்தோம். சற்றே குறையும், மீண்டும் வரும்.

ஒருநாள் பகல் உணவு எடுத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். என் மேசைக்கு எதிரே, யானே என் கையால் ஒட்டிய சுவரொட்டி ஒன்று இருந்தது. ஒருவர் வாயைத் துணியால் பொத்தி இருமுவது போன்ற படம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைச் சோதித்துக்கொள்ளுங்கள், சோதனையும் மருந்தும் இலவசம் என்று கீழே இந்தியில் எழுதியிருந்தது. அன்னையார் அதையே உற்றுப் பார்த்தார்.

"என்னப்பா, இந்த ஆள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறானே, என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார்.

யான் கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே, "ஒன்றுமில்லை அம்மா, சர்க்கார் விளம்பரம்" என்றேன்.

அவர் சாப்பாட்டுப் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பின் நான்கு மாதங்கள் கழிந்தன. உடம்பு இளைத்தது, மாலையில் காய்ச்சல் காய்ந்தது, ஒரு நாள் சளியோடு இரத்தம் வந்தது. மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். அங்கே ஒரு மலையாளச் செவிலியர் இருந்தார். அவர் அதே படத்தை எடுத்து அன்னையார் முன் வைத்து, ஒவ்வொன்றாய் விரலால் தொட்டுக் காட்டி, தமக்குத் தெரிந்த தமிழில், "அம்மா, இது போல் இருமல் எத்தனை நாளாய்?" என்று கேட்டார். அன்னையார் படத்தைப் பார்த்தார்; பிறகு என்னைப் பார்த்தார். "இந்தப் படம் என் பிள்ளையின் ஆபீசிலேயே இருக்கிறதே" என்றார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. படத்தை அடையாளம் கண்டுகொண்ட வியப்பில்தான் சொன்னார். ஆனால் எனக்கோ நின்ற இடத்திலேயே நிலம் பிளந்து விழுங்காதா என்றிருந்தது.

காசநோய்தான். ஆறு மாத மருந்தை ஒரு நாளும் தவறாமல் உட்கொண்டார். நோய் நீங்கிற்று. அவரோடு ஒரே பாயில் உறங்கிய என் மூன்று வயது மகளுக்கும், நோய் வாராமல் தடுக்க ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். இறைவன் அருளால் அவளுக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் அந்த நான்கு மாதங்களில் அன்னையாரின் நுரையீரல் இழந்த வலிமையை எந்த மருந்தும் மீட்டுத் தரவில்லை. மாடிப்படி ஏற இயலாமலே ஐந்து ஆண்டுகள் வாழ்ந்து, 2017 இல் அமரரானார். இரண்டு வாரத்தில் கண்டிருக்க வேண்டிய நோயை ஐந்தாம் மாதத்தில் கண்டோம். அந்த இடைவெளிக்குக் காரணம் அறியாமை அன்று. வாசகத்தை அறிந்தவன், அறியாதவருக்குப் படித்துச் சொல்லவில்லை. பதிவேட்டில் "ஒட்டப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்திட்டவனும் அவனே.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது நம் முன்னோர் மொழி. சுவரில் ஒட்டிய மருந்தும் அப்படித்தான். அதைச் சுவரிலிருந்து எடுத்து ஒருவர் காதில் சேர்த்தால்தான் அது மருந்து ஆகும்.

இளம்பிள்ளை வாத ஒழிப்பிலும் இதையே கண்டோம். 1995 இல் தொடங்கிய அத்திட்டத்தில் மஞ்சள் நிறச் சுவரொட்டிகள் எங்கும் பளிச்சிட்டன. ஆயினும் சுவரொட்டியோடு நிற்கவில்லை. தன்னார்வலர் வீடு வீடாகச் சென்றார்கள். ஓடும் இரயிலிலும் நிலையங்களிலும் குழந்தைகளைத் தேடிச் சொட்டு மருந்து கொடுத்து, சுண்டு விரலில் மை இட்டார்கள். 2011 ஜனவரி 13 ஆம் நாள் ஹௌராவில் ஒரு சிறுமிக்குக் கண்டதே நம் நாட்டில் இயற்கைக் கிருமியால் வந்த கடைசி நோய். 2020 இல் கொரோனா வந்தபோது பயணச்சீட்டு அலுவலக வாயிலில் தரையில் வட்டங்கள் வரைந்தோம். வட்டத்தில் நில்லுங்கள் என்று சொல்ல ஒருவர் நின்ற நேரத்தில் மக்கள் நின்றார்கள். அவர் தேநீர் குடிக்கப் போனதும் வட்டங்கள் தரையில் தனியே கிடந்தன.

இனி, நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்.

உலகில் உள்ள காசநோயாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் நம் நாட்டினர். மருந்து உண்டு, இலவசமாகவே உண்டு. நோயைக் காலத்தில் கண்டுகொள்வதில்தான் குறை. நம் ஊருக்கு எத்தனை தமிழர் வந்து போகிறார்கள்! திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளோடு வரும் இளைஞர்கள். நாமக்கல்லிலிருந்து லாரி ஓட்டி வருவோர். மகன் வீட்டில் தங்க வந்த வயது முதிர்ந்த தாய் தந்தையர். இவர்கள் கண்ணில் படும் சுவரொட்டிகள் இந்தியிலோ வங்காளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கின்றன. அதை எழுதியவர்களைக் குறை கூறிப் பயன் இல்லை. அந்தந்த ஊர் மொழியில் எழுதுவதே முறை. தமிழில் சொல்லும் கடமை நம்முடையது.

நான் கேட்பவை மூன்று. முதலாவது, சங்கத்து அறிவிப்புப் பலகையிலும், நம் குடியிருப்பில் ஒட்டப்படும் ஒவ்வொரு சுகாதாரச் சுவரொட்டியின் கீழும், அதன் பொருளைத் தமிழில் நான்கு வரியில் எழுதி ஒட்டுவோம். எழுதும் வேலையை யானே ஏற்றுக்கொள்கிறேன். இரண்டாவது, மாதக் கூட்டத்தில் நிகழ்ச்சி தொடங்குமுன் அதை ஒருவர் உரக்கப் படிக்கட்டும். இரண்டு நிமிடம் போதும். மூன்றாவது, நம் இளைஞர் சிலர் மாதம் ஒருமுறை லாரி நிறுத்தத்துக்கும் கிணறு தோண்டுவோர் தங்கும் இடத்துக்கும் சென்று, படத்தைக் காட்டி, "அண்ணே, இப்படி இருமல் உண்டா?" என்று கேட்டு வரட்டும். கேட்டுவிட்டுக் காத்திருக்கட்டும். டாடாநகர் நடைமேடையில் அந்தப் பணியாளர் காத்திருந்தது போலக் காத்திருக்கட்டும்.

தமிழ்ச் சங்கம் என்பது தமிழில் பாடவும் பேசவும் மட்டும் அன்று. தமிழ் ஒன்றே அறிந்த ஒருவர் துன்பத்தில் நம் கதவைத் தட்டினால் திறப்பதற்கும் ஆகும். என் அன்னையார் என்னிடம் கேட்ட கேள்விக்கு அன்று விடை கூறத் தவறினேன். அந்த விடையைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து இந்த மேடையில் கூறுகிறேன். "அம்மா, அதில் எழுதியிருப்பது இதுதான்: இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால், உடனே வாருங்கள், குணப்படுத்தலாம்."

உங்கள் வீட்டில் எவரேனும் சுவரைக் காட்டி, "என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டால், தலை நிமிர்ந்து படித்துச் சொல்லுங்கள்.